காதால் சமைத்த கோமதி மதினி

செய்தி வந்தபோது நான் புசா ரோட்டில் வேலை பார்க்கும் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். வகுப்பில் போனை எடுப்பவள் அல்ல நான். அதனால் என் மகள் அபி பள்ளி ஆபீசுக்கே போன் செய்திருந்தாள். போய் எடுத்தேன். அபி அழவில்லை. "அம்மா, அத்தைகிட்டருந்து சத்தமே இல்லம்மா. ஜல்தி வாங்க" என்றாள். அதற்கு மேல் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கரும்பலகையில் பாதிக் கணக்கு அப்படியே நின்றது. ஆட்டோவில் ஏறி கரோல் பாக் போகச் சொன்ன பிறகுதான், கைப்பையை வகுப்பிலேயே விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது.

காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு, பால்கனிக் கதவை ஒட்டிப் போட்டிருக்கும் தன் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தபடியே மதினி போயிருந்தார். தலை வலப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. தெருவில் யாராவது பேசுவதைக் கூர்ந்து கேட்கும்போது அப்படித்தான் சாய்ப்பார். வந்தவர்கள் எல்லாரும் நல்ல சாவு என்றார்கள். தானும் படுக்கவில்லை, யாரையும் படுத்தவும் இல்லை என்றார்கள். ஆறுதலுக்குத்தான் சொன்னார்கள். ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. நான் கோபக்காரி என்பது நம் கோவில் மலரில் இதைப் படிக்கும் உங்களுக்குத் தெரிந்ததுதான். நல்ல சாவு எது, கெட்ட சாவு எது என்று எங்கள் வீட்டுக்குத் தெரியும். தில்லியில் இன்னும் எத்தனையோ வீடுகளுக்கும் தெரியும்.

கோமதி மதினி என் கணவர் சங்கரனின் அக்கா. திருநெல்வேலிப் பக்கம் கணவரின் அக்காவை மதினி என்றுதான் கூப்பிடுவோம். உங்களில் பலருக்கு அவர் கோமதி மேடம். கோவில் விசேஷங்களில் அவர் கைப் புளியோதரைக்கு வரிசையில் நின்றவர்களுக்குக் கோமதி அக்கா. மத்திய அரசில் ஸ்டெனோவாகச் சேர்ந்து, பெரிய அதிகாரி ஒருவரின் அந்தரங்கச் செயலாளராக ஓய்வு பெற்றார். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த தம்பியைத் தில்லிக்குக் கூட்டிவந்து, கரோல் பாக்கில் இதே வீட்டை வாடகைக்கு எடுத்து, படிக்க வைத்து, வேலையில் சேர்த்துவிட்டு, ஊருக்கு வந்து என்னைப் பெண் பார்த்துக் கட்டிவைத்தவர் அவர்தான். தனக்கென்று கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஒரு தடவை கேட்டேன். "நேரம் கெடைக்கலட்டி" என்றார், பஸ்ஸைத் தவறவிட்டதைச் சொல்வது போல.

அவருடைய தொழில் காதில் இருந்தது. டிக்டேஷன் எடுக்கும்போது அதிகாரி மூச்சு இழுப்பதை வைத்தே வாக்கியம் முடிந்ததா இல்லையா என்று கண்டுபிடித்துவிடுவாராம். கேட்டதை வெளியே விடாமல் இருப்பது அதைவிடப் பெரிய தொழில். ஒரு தடவை மேலதிகாரி ஒருவர், பக்கத்து அறைக்காரர் தன்னைப் பற்றி என்ன எழுதச் சொன்னார் என்று மதினியிடம் நயமாகப் பேச்சுக் கொடுத்திருக்கிறார். "எனக்குக் காது கொஞ்சம் மந்தம் சார்" என்று சொல்லிவிட்டு மதினி டைப் அடிக்க உட்கார்ந்துவிட்டாராம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார் என் கணவர். "ஸ்டெனோவுக்கு ரெண்டு காது உண்டு, வாய் கெடையாது" என்று மதினி அடிக்கடி சொல்வார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்றுதான் அத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவருக்கு அமைதி ஆகாது. நாள் முழுவதும் பிள்ளைகளின் கூச்சலில் இருந்துவிட்டு வரும் எனக்கு வீட்டில் யாரும் பேசாமல் இருந்தால் போதும் என்றிருக்கும். மதினி நேர் எதிர். பால்கனிக் கதவை அகலத் திறந்துவைப்பார். கடைத்தெருவின் இரைச்சல், ரிக்‌ஷா மணி, மேல்மாடியில் மிக்ஸி, கீழ்வீட்டில் வீட்டுக்கார ஆன்ட்டி வேலைக்காரியைத் திட்டுவது எல்லாம் உள்ளே வரவேண்டும். போதாததற்கு என் கணவர் வேறு. அவர் போனில் பேசினால் போனே தேவையில்லை. தும்மினால் மாடிப்படி அதிரும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு விடைத்தாள் திருத்துவேன். மதினி, "இருக்கட்டும்ட்டி. சத்தம் கேட்டாத்தானே மனுசன் இருக்கான்னு அர்த்தம்" என்பார்.

பிறகு அந்த வருஷம் வந்தது. ஊரடங்கு போட்ட முதல் நாள் காலையில் மதினி பால்கனியில் போய் நின்றார். கரோல் பாக் கடைத்தெரு முழுக்க ஷட்டர் இறங்கியிருந்தது. மற்றவர்கள் எல்லாம் குருவிச் சத்தம் கேட்கிறது, வானம் நீலமாக இருக்கிறது என்று போனில் ஒருவருக்கொருவர் சொல்லி மகிழ்ந்தார்கள். மதினிக்குக் குருவி வேண்டாம். காதில் பஞ்சு வைத்து அடைத்த மாதிரி இருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே வந்தார். அன்று மத்தியானம் அடுக்களையில் பாத்திரங்களைக் கொஞ்சம் ஓங்கியே வைத்தார்.

ஆனால் அந்த முதல் வருஷத்தை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் நிறைகிறது. இதைச் சொல்லக் கூசுகிறது. ஊரெல்லாம் வேலையில்லாமல், மூட்டை முடிச்சோடு நடந்துபோன காலம் அது. எங்கள் வீட்டில் நான்கு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டது, கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வருஷம்தான். நான் ஒரு மூலையில் போனை வைத்துக்கொண்டு பாடம் நடத்துவேன். எதிர் மூலையில் அபிக்குக் கல்லூரி. நடுவில் என் கணவர் அலுவலகக் கூட்டத்தில் முழங்கிக்கொண்டிருப்பார். "சார், மைக் ம்யூட்ல போடுங்க, உங்க வீட்டுக் கடுகு ஆபீஸ் வரைக்கும் கேக்குது" என்று கூட்டத்திலிருந்த யாரோ அவருக்குச் செய்தி அனுப்பினார்களாம். அதற்கு மறுநாளிலிருந்து மதினி வேண்டுமென்றே கூட்டம் நடக்கிற நேரமாகப் பார்த்துத் தாளிக்க ஆரம்பித்தார்.

மதினியின் தாளிப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். ரசமோ, சாம்பாரோ, வெறும் மோரோ, தாளிப்பது மட்டும் அவர் கைதான். நீளக் காம்பு வைத்த ஒரு இரும்புக் கரண்டி. ஊரிலிருந்து கொண்டுவந்தது. எண்ணெய் காய்ந்ததா என்று எட்டிப் பார்க்க மாட்டார். ஒரு கடுகைப் போட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பார். சத்தம் சரியாக வந்தால் மிச்சக் கடுகு, பிறகு மிளகாய் வற்றல், பெருங்காயம், கறிவேப்பிலை. கறிவேப்பிலை அந்த நாட்களில் கடையில் கிடைக்கவில்லை. எப்போதோ மதினி கொடுத்த கன்று கீழ்வீட்டு ஆன்ட்டியின் தொட்டியில் செழித்து நின்றது. என் கணவர் தன் பழைய பெல்ட்டுகளை முடிந்து, ஒரு கூடையில் கட்டி, இரண்டாம் மாடியிலிருந்து இறக்குவார். கீழே ஆன்ட்டி இரண்டு கொத்து ஒடித்துப் போடுவார். சில நாள் கூடவே ஒரு டப்பா ராஜ்மாவும் வரும். நாங்கள் பதிலுக்கு ரசம் இறக்குவோம். பாதி ரசம் கூடையிலேயே சிந்திவிடும். தெருவில் எல்லாரும் பால்கனிக்கு வந்து தட்டு அடித்த அந்தச் சாயங்காலம் மதினி இந்தத் தாளிப்புக் கரண்டியை எடுத்துக்கொண்டுபோய்ப் பித்தளைத் தட்டில் அடித்தார். தட்டு நசுங்கிவிட்டது. அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. "கடுகு வெடிச்சா வீட்டுல எல்லாரும் சௌக்கியம்" என்பார். அந்த வருஷம் முழுக்கச் சௌக்கியமாகத்தான் இருந்தோம்.

மறு வருஷம் வெயில் தொடங்கும்போது இரண்டாவது அலை வந்தது. முதலில் என் கணவருக்குக் காய்ச்சல். அடுத்து மதினிக்கு. அபிக்கும் எனக்கும் லேசாக வந்து போய்விட்டது. மதினி படுத்ததும் தாளிப்பு என் கைக்கு வந்தது. மதினிக்கு வாசனையும் ருசியும் சுத்தமாகப் போயிற்று. பெருங்காய டப்பாவை மூக்கருகே வைத்தால்கூட ஒன்றும் தெரியவில்லை. கீழ்வீட்டு ஆன்ட்டியின் மகன் எங்கெங்கோ அலைந்து ஒரு ஆக்சிஜன் மெஷின் கொண்டுவந்து கொடுத்தான். அதை மதினியின் அறையில் வைத்தோம். தனக்கு வேண்டாம், அக்காவுக்கு வைத்தால் போதும் என்று சொல்லிக்கொண்டிருந்த என் கணவருக்கு மறுநாளே மூச்சு வாங்க ஆரம்பித்தது. அந்த வாரம் தில்லியில் படுக்கை கிடைப்பது எப்படி இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அபி போனை வைத்துக்கொண்டு யார் யாரிடமோ கெஞ்சினாள். என் மகள் அப்படிக் கெஞ்சி நான் அதற்கு முன் கேட்டதில்லை. கடைசியில் ஊரின் வேறொரு கோடியில் ஒரு இடம் கிடைத்தது.

என் கணவர் தன் காலாலேயே நடந்து இறங்கினார். மதினியின் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே மெஷின் இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்கு நடுவிலும் மதினிக்குச் செருப்புச் சத்தம் கேட்டிருக்கிறது. "சங்கரா, போயிட்டு வா" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "வாரேன்க்கா" என்றார் இவர். ஊரையே கூட்டுகிற அந்தக் குரல் வாசலைத் தாண்டவில்லை. மறுபடியும் கதவருகே வந்து, இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாக, "வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் வரவில்லை. அந்த வாரமே போய்விட்டார். செய்தி சொன்னவர்கள் அவசரத்தில் இருந்தார்கள்; பின்னால் வேறு யாருக்கோ சொல்லவேண்டியிருந்தது. மயானத்துக்கு அபி மட்டும் போனாள். மதினியைத் தனியே விட்டுவிட்டு என்னால் நகர முடியவில்லை. முந்தின நாள்தான் டாக்டர் போனில், அவருடைய நுரையீரல் மோசமாக இருக்கிறது, இந்த நிலையில் எந்த அதிர்ச்சியும் கூடாது, அழுதால்கூடத் தாங்காது என்று சொல்லியிருந்தார். இருபத்தியோரு வயதுப் பெண் பிள்ளை, வரிசையில் நின்று, இடம் கிடைக்கும் வரை காத்திருந்து, அப்பாவுக்குக் கொள்ளி வைத்துவிட்டு வந்தாள். மாடித் தொட்டியில் தலைக்குக் குளித்தாள். பிறகு ஈரத் தலையோடு அத்தையின் கதவருகே போய் நின்று, "அப்பா டீக் ஹைங், நல்லா இருக்காங்க அத்தை. ஆக்சிஜன் மாஸ்க் போட்டிருக்கு, அதான் பேச முடியல" என்றாள். நான் சொல்லச் சொல்லித்தான் சொன்னாள். அவள் குரல் நடுங்கவில்லை. எனக்கு அந்தக் கதவிலேயே முட்டிக்கொள்ளவேண்டும் போல இருந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு வீடுகள் இருந்தன. கதவுக்கு உள்ளே சங்கரன் ஆஸ்பத்திரியில் மெல்லத் தேறிக்கொண்டிருந்தார். வெளியே அவர் இல்லை. ஒவ்வொரு வேளையும் முகத்தைக் கழுவி, பொட்டை அழுத்தி வைத்துக்கொண்டு, மாஸ்க் போட்டுக்கொண்டு, தட்டோடு உள்ளே போவேன். மாஸ்க்குக்கு மேலே தெரிவது கண்ணும் பொட்டும்தான். அவன் எப்படி இருக்கான் என்று மதினி கேட்பார். தேவலை என்பேன். இன்றைக்கு என்ன சாப்பிட்டான் என்பார். கஞ்சி என்பேன். தட்டை வைத்துவிட்டு அடுக்களைக்கு வந்து, குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். கீழ்வீட்டு ஆன்ட்டிக்கு மட்டும் விஷயம் தெரியும். துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்து அவர் அழுததும், கிச்சடியை வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் இறங்கிப் போனதும் மறக்கமுடியாது. துக்கம் விசாரிக்க எனக்குக் கிடைத்த ஒரே ஆள் அவர். நான் சொன்ன பொய்யைத் தப்பு என்று இன்றைக்கும் நினைக்கவில்லை. மறுபடியும் அப்படி ஒரு நிலைமை வந்தால் மறுபடியும் சொல்வேன். எனக்கு அப்போது ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. மதினியாவது பிழைக்கவேண்டும்.

முதல் சில நாட்கள் மதினி சரியாகச் சாப்பிடவில்லை. வைத்தது வைத்தபடி திரும்பி வந்தது. அப்புறம் திடீரென்று சாப்பிட ஆரம்பித்தார். குழைந்த சோறு, ரசம், எது கொடுத்தாலும் தட்டில் ஒரு பருக்கை மிச்சம் இருக்காது. தொண்டையில் இறங்க மறுத்தால் கண்ணை மூடிக்கொண்டு தண்ணீர் குடித்துத் தள்ளுவார். அதே சமயத்தில் தம்பியைப் பற்றி விசாரிப்பதும் குறைந்தது. பிறகு நின்றே போயிற்று. உடம்பு அசதி, பேச முடியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். சாப்பிடுகிறாரே, அதுவே பெரிது என்று இருந்தது. ஆக்சிஜன் அளவு மெல்ல ஏறியது. அபி ஒவ்வொரு தடவையும் அளந்துபார்த்துவிட்டு எனக்குக் கட்டைவிரலைக் காட்டுவாள். சிரிக்கவா அழவா என்று தெரியாத முகத்தோடு இரண்டு பேரும் நிற்போம்.

இப்படியே போனது. ஊரில் பதினாறாம் நாள்தான் விசேஷம் வைப்போம். விளக்கேற்றிப் படையல் போட்டு, அன்றோடு துக்கத்தை முடித்துக்கொள்வது. எனக்கு அதை நினைக்கவே பயமாக இருந்தது. சடங்கு செய்ய ஆள் கிடையாது, உறவு கிடையாது, வீட்டில் வாய்விட்டு அழவும் முடியாது. அந்த நாளைச் சத்தமில்லாமல் தாண்டிவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன். அன்று காலையும் வழக்கம் போல முகம் கழுவி, பொட்டு வைத்து, காப்பியோடு கதவைத் திறந்தேன்.

மதினி எழுந்து உட்கார்ந்திருந்தார். மூக்கிலிருந்து குழாயைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

"செல்வி, இன்னைக்குப் பதினாறு" என்றார். "குளிச்சிட்டு அவன் படத்துக்கு முன்னால ஒரு விளக்கு ஏத்து. பொறவு ரசத்துக்குத் தாளி."

காப்பி கையில் கொட்டிச் சுட்டது. எப்படித் தெரியும் என்று கேட்டேனா, அல்லது என் முகம் கேட்டதா, தெரியவில்லை. மதினியே சொன்னார். "அன்னைக்கு மத்தியானம் கடுகு வெடிக்கலட்டி. மறுநாளும் வெடிக்கல. ரசம் மட்டும் வந்துது."

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். துக்கம் விழுந்த வீட்டில் விசேஷம் முடியும் வரை தாளிக்க மாட்டோம். புளியைக் கரைத்து உப்புப் போட்டு ஒரு கொதி விட்டு இறக்கிவிடுவோம். பொட்டு வைத்துக்கொள்ள என்னால் முடிந்தது. சிரிக்க முடிந்தது. கஞ்சி குடித்தார் என்று சொல்ல முடிந்தது. ஆனால் அவர் போன வீட்டில் கரண்டியை அடுப்பில் வைத்து எண்ணெய் ஊற்ற என் கை வரவில்லை. வாசனையும் ருசியும் போன மனுஷிக்குத் தாளிப்பு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மெஷின் போடுகிற சத்தத்தில் வேறெதுவும் உள்ளே போகாது என்றும் நம்பினேன். கணக்கு டீச்சர் போட்ட கணக்கு அது. மதினியின் காதை நான் அதில் சேர்க்கவில்லை.

அப்போதே ஏன் கேட்கவில்லை மதினி, ஏன் தனியாக வைத்துக்கொண்டு கிடந்தீர்கள் என்று அழுதேன். அவர் அழவில்லை. மூச்சு விட்டு விட்டு, நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"நான் கேட்டா நீ விழுந்திருப்ப. எனக்காகப் பொய் சொல்லணும்னுதான் நீ எந்திரிச்ச, குளிச்ச, பொங்குன. குழாயைத் தொறந்து விட்டுட்டு அழுததும் கேக்கத்தான் செஞ்சுது. அந்தப் பொய்ய நான் பிடுங்கிட்டா நீ எதைப் பிடிச்சுக்கிட்டு நிப்ப?" சற்று இளைப்பாறிவிட்டு, "நானும் போயிட்டேன்னா உங்க ரெண்டு பேருக்கும் யாரு இருக்கா? அதான் சாப்பிட்டேன்" என்றார்.

தூக்கி வளர்த்த தம்பி. பெற்ற பிள்ளை மாதிரி. அவன் செத்துப்போனது தெரிந்து, ஒரு சுவருக்கு அந்தப் பக்கம், மூக்கில் குழாயோடு, ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல், தாளிக்காத ரசச் சோற்றை விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார், நான் பொய் சொல்ல ஏதுவாக. ஸ்டெனோவுக்கு வாய் கிடையாது என்பது என்ன என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அபியை எழுப்பி விளக்கேற்றினோம். மதினி கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். அப்புறம் நான் தாளித்தேன். பாதிக் கடுகு தரையில் சிந்தியது, மிச்சம் கரண்டியில் வெடித்தது. அந்தச் சத்தம் கேட்டுத்தான் மதினி அழுதார். டாக்டர் பயந்த அழுகை. நல்லவேளையாக மூச்சு தாங்கியது. அழுது முடித்த பிறகு என்னைக் கூப்பிட்டு, ஈரத் துணியால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். பொட்டை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றித் துடைத்தார். "இதை எனக்காக வச்ச. இனி உனக்காக வச்சுக்க" என்றார். வைத்துக்கொண்டிருக்கிறேன். அதைப் பார்த்துப் புருவத்தை உயர்த்திய சிலர் உங்களிலும் உண்டு. இப்போது காரணம் தெரிந்துகொள்ளலாம்.

அவருக்குப் போன வாசனையும் ருசியும் திரும்பி வரவேயில்லை. இதுவும் உங்களில் யாருக்கும் தெரியாது. ஊர் பழைய நிலைக்கு வந்து, கோவில் விசேஷங்கள் மறுபடி தொடங்கியதும், புளியோதரைக்கு முதல் ஆளாகப் போய் நின்றார். புளிக்காய்ச்சல் கொதிக்கிற சத்தம் தடிக்கும்போது இறக்குவார். கடலைப்பருப்பு சிவந்ததைக் கரண்டி உரசுகிற ஒலியில் சொல்வார். உப்பு பார்க்க மட்டும் அபியைக் கூப்பிடுவார். கை மணம் அப்படியே இருக்கிறது கோமதி அக்கா என்று நீங்கள் பாராட்டியபோதெல்லாம் என்னைப் பார்த்து லேசாகக் கண்ணைச் சுருக்குவார். நான் வாயைத் திறந்துவிடக் கூடாதாம். திறக்கவில்லை; இன்றைக்குத்தான் திறக்கிறேன்.

அதற்குப் பிறகு எங்கள் மூன்று பேருக்கும் அந்த அடுக்களைச் சத்தம்தான் நாள் ஓடுகிறது என்பதற்கு அடையாளமாக இருந்தது. பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் நான் தாளிக்காமல் இறக்கிவிட்டால் நாற்காலியிலிருந்து ஒரு செருமல் வரும். நான் திரும்பிப் போய்க் கரண்டியை அடுப்பில் வைப்பேன். சில நாள் எரிச்சலாகக்கூட வரும். இருந்தாலும் வைப்பேன். சங்கரன் பேரை நாங்கள் அதிகம் எடுக்கவில்லை. யாராவது தெருவில் பலமாகத் தும்மினால் மட்டும் மதினி தலையைச் சாய்ப்பார். பிறகு ஒன்றும் சொல்லாமல் நிமிர்ந்துகொள்வார்.

மதினியை எடுத்துக்கொண்டு போய்விட்டு வந்த மறுநாள், முன்னறையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். கீழ்வீட்டு ஆன்ட்டி என் பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். பேசவேண்டியதெல்லாம் பேசி முடித்து, எல்லாரும் அடங்கியிருந்த நேரம். அப்போது அடுக்களையில் கடுகு வெடித்தது.

உறவுக்காரப் பெண்மணி ஒருவர் பதறி எழுந்துவிட்டார். துக்க வீட்டில் யார் தாளிப்பது, தில்லியில் பிறந்த பிள்ளைக்கு இதெல்லாம் சொல்லித்தரவில்லையா என்று என்னைக் கேட்டார். எனக்கே ஒரு கணம் சுரீரென்றது. எழுந்து போனேன். அபி அடுப்பருகே நின்றுகொண்டிருந்தாள். கையில் அந்தக் கரண்டி. கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

"தெரியும்மா எனக்கு. தாளிக்கக் கூடாதுன்னு தெரியும்" என்றாள். "அத்தைதான் சொன்னாங்க. நான் போனா ஒரு நாள்கூட அடுக்களை சத்தமில்லாம சுப்-ஆ இருக்கக் கூடாது, உங்க அம்மா ஒரு தடவை அதுல இருந்தது போதும், ரெண்டாவது தடவை வேண்டாம்னு. என்கிட்ட வாக்கு வாங்கிட்டாங்க."

முன்னறையிலிருந்து அந்தப் பெண்மணி மறுபடி ஏதோ கேட்டார். மதினியாக இருந்தால் காது மந்தம் என்றிருப்பார். எனக்கு அந்த நயமெல்லாம் வராது. "எங்க மதினி சொன்னபடி நடக்குது, உக்காருங்க" என்றேன். அபியிடம், இன்னும் கொஞ்சம் கடுகு போடு என்றேன்.

மதினி விட்டுப்போனதில் பிரம்பு நாற்காலி இருக்கிறது, நசுங்கிய பித்தளைத் தட்டு இருக்கிறது. கரண்டியை அபி எடுத்துக்கொண்டாள். நான் வைத்துக்கொண்டிருப்பது நெற்றியில் அவர் துடைக்காமல் விட்ட பொட்டும், அவர் உட்கார்ந்திருந்த இடமும்தான். பள்ளியிலிருந்து வந்ததும் அங்கேதான் உட்கார்கிறேன். பால்கனிக் கதவைத் திறந்தே வைக்கிறேன். இவ்வளவு இரைச்சலை எப்படித்தான் சகித்தாரோ என்று அலுத்துக்கொண்டே. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உள்ளே அபி எண்ணெய் வைத்துவிட்டாள். முதல் கடுகைப் போட்டுவிட்டு நிற்கிறாள்.

கேட்டுக்கொண்டிருக்கிறேன் மதினி.